பெயரை விட்டு நிலத்தைப் பிடித்தேன்: ஒரு கியூபெக் விவசாயியின் வேர் தேடிய பதிவு

கியூபெக்கில் வம்சாவளி தேடுவது சுலபம் என்பார்கள். பாதி உண்மை. இங்கே கத்தோலிக்கக் கோவில் பதிவேடுகள் 1621இல் தொடங்குகின்றன. 17ஆம் நூற்றாண்டிலேயே பதிவேட்டை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றைக் கோவிலிலும் மற்றதை நீதிமன்றத்திலும் வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதனால் ஒரு கோவில் தீப்பிடித்தாலும் ஊரின் கணக்கு பெரும்பாலும் தப்பித்துவிடும். ஒரு கோவிலைச் சேர்ந்த ஊர்ப் பகுதிக்குப் பங்கு என்று பெயர். 1994 வரை பங்குக் கோவில் பதிவேடுதான் பிறப்பு, திருமணம், இறப்புக்கு அரசாங்கப் பதிவேடாகவும் இருந்தது. இவ்வளவு இருந்தும் சிரமம் ஏன் என்றால், எல்லோருக்கும் ஒரே பெயர். ஆண் குழந்தைக்கு ஜோசப், பெண் குழந்தைக்கு மரி என்று முதலில் ஒட்டிவிடுவார்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் கடைசியில் நிற்கும். தொழில் விவசாயம். கடைசி வரியில், கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னதாக ஒரு குறிப்பு. இப்படி நூறு ஜோசப்பு வரிசையில் நிற்கும்போது நம்மவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

என் கணவர் வீட்டார் கமுராஸ்கா பக்கத்துக்காரர்கள். கியூபெக் நகரத்துக்குக் கிழக்கே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரை. மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் போல்யூ. அவருடைய தாத்தாவின் தாத்தா பெயரும், வேறென்ன, ஜோசப். அவர் எந்த நிலத்தில் உழுதார், பிரான்சிலிருந்து முதலில் வந்தவர் யார், இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்றார் மாமியார். மொன்றியலில் குளிர்காலம் நீளம். சரி என்று உட்கார்ந்தேன்.

மாமியாரிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இறப்பு நினைவு அட்டைகள் இருந்தன. செத்தவர் படம், தேதி, வயது, யாருடைய கணவர் அல்லது மனைவி என்ற விவரம், பின்பக்கம் ஒரு ஜெபம். இந்தப் பக்கத்துக் கிழவிகள் எல்லோரிடமும் இப்படி ஒரு டப்பா இருக்கும். முதலில் அதைத்தான் கேட்க வேண்டும், கணினி அப்புறம்.

தேடலைத் திருமணங்களிலிருந்து தொடங்கினேன். ஞானஸ்நானப் பதிவில் ஒரு தலைமுறைதான் தெரியும். திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் அப்பா அம்மா, பெண்ணின் அப்பா அம்மா நான்கு பேரும் இருப்பார்கள். இரண்டு தாய்மார்களுக்கும் பிறந்த வீட்டுப் பெயரே எழுதப்பட்டிருக்கும், ஏனென்றால் பிரெஞ்சுக் கனடாவில் பெண்கள் சட்டப்படி கடைசிவரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருந்தார்கள். இங்கிலாந்துப் பக்கம் வேர் தேடுகிறவர்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள். ஒரு திருமணம் கிடைத்தால் அதிலிருக்கும் பெற்றோரின் திருமணத்துக்குத் தாவலாம், அதிலிருந்து அடுத்ததற்கு. ஒரே ஒரு பொறி உண்டு. மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தால் பதிவில் பெற்றோர் பெயர் வராது, "இன்னாரின் விதவர்" என்று செத்துப்போன மனைவியின் பெயர்தான் வரும். அப்போது முதல் திருமணத்தைத் தேடி எடுத்தால்தான் வழி திறக்கும்.

எந்த மாதத்தில் தேடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் கோவிலில் கல்யாணம் கிடையாது. கோடையில் வயல் வேலை. ஆக, விவசாயிகளின் கல்யாணங்கள் ஜனவரி, பிப்ரவரியிலும் அறுவடை முடிந்த அக்டோபர், நவம்பரிலும் குவிந்து கிடக்கும். கிழமையும் பெரும்பாலும் திங்கள் அல்லது செவ்வாய். அட்டவணை இல்லாத பதிவேட்டில் இந்தப் பக்கங்களை முதலில் புரட்டினால் கண் பிழைக்கும்.

பக்கங்களைப் பார்க்க வெளியே எங்கும் போகத் தேவையில்லை. ஜோசப் ட்ரூவேன் 1899இல் தொடங்கிய வம்சாவளி நிறுவனத்தை அவர் மகன் காப்ரியேல் தொடர்ந்து நடத்தி, 1940களில் மாகாணத்தின் கோவில் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்து வைத்தார். இன்று அந்தப் படங்கள் சந்தா கட்டினால் கிடைக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்கு மட்டும் தொடங்கிவிட்டு இலவசமாகப் பார்க்கலாம். மாகாணத்தின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் பழைய பதிவேடுகளையும், பத்திரம் எழுதும் நோட்டரிகளின் ஆவணங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. கண் வலித்தால் மொன்றியலின் வீஜே தெருவில் இருக்கும் அதன் கிளைக்கு நேரில் போய்விடுவேன். அங்கே எதிர் மேசையில் இருப்பவரும் இதே நோயாளிதான் என்பதால் கையெழுத்து புரியாவிட்டால் கூச்சப்படாமல் கேட்கலாம்.

கையெழுத்தில் ஒரு விஷயம் எல்லோரையும் ஒருமுறை உலுக்கும். மாதத்தின் பெயரைச் சுருக்கி, 7 என்ற எண்ணைப் போட்டு அதன் தலைமேல் இரண்டு மூன்று எழுத்தைக் கிறுக்கியிருப்பார் பாதிரியார். அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். லத்தீன் எண்களை வைத்துச் செய்த சுருக்கம். இது தெரியாமல் போட்டால் கல்யாணமாகி ஏழாம் மாதம் பிறந்த குழந்தைகள் ஊர் நிறைய முளைக்கும்.

மாமியாரின் தாத்தா வரை வழுக்கிக்கொண்டு போனது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது மட்டுமில்லாமல் பிறந்த தேதியும் கேட்டிருக்கிறார்கள். அதைக் கோவில் பதிவோடு ஒட்டிப் பார்த்தால் ஆள் உறுதி. தாத்தாவின் அப்பாவும் கிடைத்தார். அவருடைய திருமணப் பதிவில் அப்பா ஜோசப் போல்யூ, விவசாயி, அம்மாவின் பெயரும் பிறந்த வீட்டுப் பெயரோடு தெளிவாக இருந்தது. அதற்கு மேலே சுவர். 1850 வாக்கில் நடந்திருக்க வேண்டிய ஜோசப்பின் கல்யாணம் போல்யூ என்ற பெயரில் எங்கேயும் இல்லை. அவருடைய ஞானஸ்நானமும் இல்லை.

இந்த இடத்தில் கணவன் பெயரை விட்டுவிட்டு மனைவி பெயரைப் பிடிக்க வேண்டும். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டுத் தேடியதும் கல்யாணம் வந்து விழுந்தது, ஆனால் மாப்பிள்ளை போல்யூ இல்லை, யுடோன். ஜோசப் யுடோன். கொஞ்சம் பின்னே போனால் சில பதிவுகளில் "யுடோன் தி போல்யூ" என்று முழுசாகவே இருக்கிறது.

"என்று அழைக்கப்படும்" என்று பொருள்படும் இந்த "தி" பிரெஞ்சுக் கனடாக் குடும்பங்களின் பெரிய தலைவலி. ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெயர்: ஒன்று பிரான்சிலிருந்து கொண்டுவந்தது, இன்னொன்று பட்டப்பெயர். 1665இல் பதினான்காம் லூயி அனுப்பிய கரிஞான்-சாலியேர் படைப்பிரிவில் சுமார் 1,200 சிப்பாய்கள் வந்தார்கள், அதில் 400 பேர் போல இங்கேயே நிலம் வாங்கித் தங்கினார்கள். பிரெஞ்சுப் படையில் சிப்பாய்க்கு ஒரு பட்டப்பெயர் வைப்பது வழக்கம். லாஃப்ளூர், லாவியோலெத், சான்சூசி, ஜொலிகேர் என்று இன்றைக்கு டெலிஃபோன் புத்தகத்தில் இருக்கும் பெயர்களில் பல அந்த மாதிரி வந்தவை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, 19ஆம் நூற்றாண்டில் ஒரு கிளை யுடோனாகவும் இன்னொரு கிளை போல்யூவாகவும் உறைந்துவிட்டது. ஒரே அப்பாவுக்குப் பிறந்த அண்ணன் தம்பிகள் வேறு வேறு குடும்பப் பெயரில் செத்திருக்கிறார்கள். இதில் இன்னொரு சிக்கல்: போல்யூ என்ற பட்டப்பெயர் யுடோன் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்லை, சம்பந்தமே இல்லாத வேறு குடும்பங்களும் அதைச் சூட்டிக்கொண்டிருக்கின்றன. இணையத்தில் சுற்றும் மரங்களில் பாதிக் குழப்பம் இங்கேதான். போல்யூ என்று பார்த்ததும் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறார்கள்.

மாமியாரிடம் சொன்னேன். "அப்போ நாங்க போல்யூவே இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, பக்கத்து ஊர் யுடோன் பையன் ஒருவனை இளவயதில் தன் அக்கா விரும்பியதாகவும், தாங்கள் எல்லாம் ஒன்று என்று அப்பா ஏதோ முணுமுணுத்ததாகவும் சொன்னார். இந்த ஒரு தகவலை ஆறு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அடுத்த சிக்கல் ஊர். மகன்கள் பிறந்தது சான்-பக்கோம் என்ற பங்கில், ஜோசப் கல்யாணம் செய்ததோ ரிவியேர்-உவெல் பங்கில். குடும்பம் இடம்பெயர்ந்ததா என்றால் இல்லை. சான்-பக்கோம் 1851இல்தான் ரிவியேர்-உவெலிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆற்றோரம் நிரம்பி, பின்னால் மலையடிவாரத்து நிலங்களில் ஆட்கள் பெருகியதும் அங்கே தனிக் கோவில் எழும்பும், பதிவேடும் தனியாகிவிடும். விவசாயி அதே வீட்டில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் திருப்பும் திசைதான் வேறு. ஒரு கியூபெக் ஊரில் தேடத் தொடங்கும் முன் அந்தப் பங்கு எந்த ஆண்டு, எந்தத் தாய்ப் பங்கிலிருந்து பிரிந்தது என்று குறித்துக்கொள்வது கட்டாயம்.

அடுத்து உண்மையான முடிச்சு. ரிவியேர்-உவெலில் கிட்டத்தட்ட ஒரே வயதில் இரண்டு ஜோசப் யுடோன்கள் இருந்தார்கள். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா. நம் ஜோசப்பின் திருமணப் பதிவில் அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் மை கசிந்து போயிருந்தது. இரண்டாம் பிரதியில் எழுதியவர் பெற்றோர் பெயரையே சுருக்கிவிட்டார். கோவில் காகிதம் இதற்கு மேல் உதவாது. நான் நிலத்துக்குப் போனேன். உண்மையில் விவசாயக் குடும்பம் என்றால் ஆரம்பத்திலேயே அங்கே போயிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெயர் மாறும், எழுத்து மாறும், பங்கு மாறும். மூன்று அர்ப்பான், அதாவது 175 மீட்டர், அகல நிலத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் போக முடியாது.

அந்த நிலத்தின் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு ஆட்சிக்காலக் கியூபெக்கான நியூ பிரான்சில் மன்னர் செஞ்ஞூர் எனும் நிலப்பிரபுவுக்குப் பெரிய பரப்பைக் கொடுப்பார். அவர் அதை ஆற்றை முகமாக வைத்து நீள நீளமான பட்டைகளாகக் குடியானவர்களுக்கு அளந்து கொடுப்பார். சாதாரணமாக மூன்று அர்ப்பான் அகலம், முப்பது நாற்பது அர்ப்பான் ஆழம். ஒரு அர்ப்பான் நீளம் சுமார் 58.5 மீட்டர். அதாவது ஆற்றோரம் 175 மீட்டர்தான், உள்ளே நாற்பது அர்ப்பான் என்றால் இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல். அப்போது பரப்பு 100 ஏக்கரைத் தொடும். எல்லோருக்கும் ஆறு வேண்டும், மீன் வேண்டும், பின்னால் விறகுக் காடும் வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. குடியானவர் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளில் நிலத்துக்கான வருஷ வாடகையான வாரத்தைக் கட்டுவார், தன் கோதுமையைச் செஞ்ஞூரின் ஆலையிலேயே அரைத்துப் பதினான்கில் ஒரு பங்கு அங்கேயே விட்டுவருவார், கோவிலுக்கு இருபத்தாறில் ஒரு பங்கு. இந்த முறை 1854இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் செஞ்ஞூருக்கு நஷ்ட ஈடாக வருஷ வாரம் மட்டும் தொடர்ந்து, அதன் கடைசித் தவணை 1940இல்தான் கட்டப்பட்டது. மாமியாரின் அப்பா அதைக் கட்டியிருக்கக்கூடிய ஆள்!

ஒழிப்புச் சட்டம் நமக்கு ஒரு நல்ல காரியமும் செய்தது. நஷ்ட ஈடு கணக்கிட வேண்டி ஒவ்வொரு செஞ்ஞூரியிலும் யாரிடம் எவ்வளவு நிலம், என்ன வாரம் என்று பட்டியல் எடுத்து 1863இல் அச்சிட்டார்கள். 1871 கணக்கெடுப்பிலும் விவசாயத்துக்குத் தனிப் படிவம் இருக்கிறது: எத்தனை நிலம் உழுதது, எத்தனை மேய்ச்சல், கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு எவ்வளவு, வெண்ணெய் எத்தனை பவுண்டு. மாமியார் அதில் வெண்ணெய்க் கட்டத்தைத்தான் பலமுறை பார்த்தார். கடைந்தது பாட்டிதானே.

பிறகு பத்திரப் பதிவுகள். கியூபெக்கின் நிலப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, ஒவ்வொரு ஆவணத்துக்கும் கட்டணம். 1860களிலிருந்து நிலங்களுக்கு எண் கொடுத்து வரைபடம் போட்டதால், நில எண் தெரிந்தால் அதன்மேல் நடந்த விற்பனை, அடமானம், தானம் எல்லாம் வரிசையாக ஒரே பக்கத்தில் வரும், நம் ஊர் வில்லங்கச் சான்று போலவே. மாமியாரின் தாத்தா நிலத்தை விற்ற பத்திரத்தில் எண் இருந்தது. அதை வைத்து மேலே ஏறினால், ஜோசப் தன் மகனுக்கு நிலத்தை எழுதிக்கொடுத்த பத்திரம். அதில் நான் தேடிய வாக்கியம்: இந்த நிலம் எழுதிக்கொடுப்பவருக்கு அவருடைய தகப்பனாரிடமிருந்து இன்ன தேதியில், இன்ன நோட்டரி முன் தானமாக வந்தது. நிலத்துக்கு உரிமை எப்படி வந்தது என்று முந்தைய பத்திரத்தைச் சுட்டாமல் எந்த நோட்டரியும் எழுத மாட்டார். கூடவே நான்கெல்லை: முன்னால் ராஜ சாலை, பின்னால் அடுத்த வரிசை நிலங்கள், வடகிழக்கில் இன்னார், தென்மேற்கில் இன்னார். தென்மேற்கு இன்னார் யாரென்றால் அந்த இன்னொரு ஜோசப்பின் அப்பா.

பழைய நோட்டரிகள் இறந்தாலோ தொழிலை விட்டாலோ அவர்களுடைய மூலப் பத்திரங்கள் நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து காப்பகத்துக்கு வந்திருக்கின்றன. தேதியும் நோட்டரியும் தெரிந்தால் படத்தை எடுப்பது சில நிமிஷ வேலை. தானப் பத்திரம் கிடைத்தது. அப்பாவின் பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், ஜோசப்பின் மனைவி பெயர் எல்லாம் முழுசாக. முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் அந்தப் பத்திரத்தைப் பலமுறை படித்தது வேறு காரணத்துக்காக.

வயதான பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பண்ணையை ஒரு பிள்ளைக்கு எழுதிக்கொடுத்து, பதிலுக்குத் தங்களைச் சாகும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லும் பத்திரம் இது. இங்கே ரொம்பச் சாதாரணம். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதைப் பிள்ளையின் நல்ல மனதுக்கு விட்டுவைக்கவில்லை. வருஷத்துக்கு இத்தனை மினோ கோதுமை, நல்ல மாவாக அரைத்தது. கொழுத்த பன்றி ஒன்று. ஒரு கறவைப் பசு, அது செத்தாலோ பால் வற்றினாலோ வேறொன்று. விறகு, வெட்டிப் பிளந்து, கதவருகே அடுக்கியது. புகையிலை. உப்பு. கோவிலுக்குப் போக குதிரையும் வண்டியும், கேட்டபோதெல்லாம். உடம்பு சரியில்லை என்றால் பாதிரியாரையும் வைத்தியரையும் கூட்டிவருவதும் கொண்டுபோய் விடுவதும். செத்தபின் அடக்கமும், ஆத்துமத்துக்கு இத்தனை பூசையும். ஒரே வீட்டில் ஒத்துப்போகாவிட்டால் தனி அறை, அதற்கு அடுப்பு. மினோ என்பது சுமார் 39 லிட்டர் அளவு. அதை நோட்டரி எழுதி, ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார், ஏனென்றால் கேட்டவர்களுக்குப் படிக்கத் தெரியாது. கடைசியில் தகப்பனின் சிலுவைக் குறி, ஜோசப்பின் சிலுவைக் குறி. மாமியார் அடுப்பு வரியில் சிரித்தார். "எங்க மாமியாரோட நான் இருந்தபோது இப்படி ஒரு பத்திரம் இருந்திருக்கணும்" என்றார். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

முடிவைச் சரிபார்க்க இன்னொரு வழியும் இருந்தது. ஜோசப்பின் திருமணப் பதிவில் கல்யாணத்துக்கு முன் கோவிலில் வாசிக்கும் அறிவிப்பான ஓலையை மூன்று முறைக்குப் பதில் ஒரு முறைதான் வாசித்ததாகவும், நான்காம் தலைமுறை இரத்த உறவுக்கு ஆயர் விலக்கு அளித்ததாகவும் எழுதியிருந்தது. நான்காம் தலைமுறை என்றால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாட்டன் பூட்டன் வரிசையில் நான்கு படி மேலே ஒரே தம்பதி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தேன். இந்த ஜோசப்பை வைத்தால் சரியாக நான்காவது படியில் வந்து சேர்ந்தது. விலக்குக் குறிப்பைப் பலர் அலங்காரம் என்று தாண்டிப் போகிறார்கள். அதைப்போல நம்பகமான கணக்குப் பரிசோதனை வேறு இல்லை.

மேலே உள்ள தலைமுறைகள் சீக்கிரம் முடிந்தன. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் பழைய பங்குப் பதிவுகளை எல்லாம் குடும்பம் குடும்பமாகக் கோத்து வைத்திருக்கிறது. 1730க்கு முந்தைய குடும்பங்களுக்கு ரெனே ஜெத்தேயின் அகராதி இருக்கிறது, 1983இல் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சிப்ரியான் தாங்கே ஏழு தொகுதியாகப் போட்ட அகராதியும் பிரபலம்தான். தனி ஆளாக அவர் செய்த உழைப்புக்குக் கும்பிடு, ஆனால் அதில் இருப்பதை ஜெத்தேயோடு ஒட்டாமல் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கோடு போய் நின்ற ஆள் பியேர் யுடோன், பட்டப்பெயர் போல்யூ. ஆஞ்சூ மாகாணத்து ஷெமியேக்காரர். கரிஞான் படையோடு சிப்பாயாக வந்து, 1676இல் கியூபெக்கில் மரி கோபெய் என்ற பெண்ணைக் கட்டி, ரிவியேர்-உவெலில் குடியேறி, 1710இல் அங்கேயே இறந்தவர். யுடோன்களுக்கும் இந்த வழி போல்யூக்களுக்கும் அவர்தான் மூலவர். ரிவியேர்-உவெல் செஞ்ஞூரி 1672இல்தான் கொடுக்கப்பட்டது, ஆக அவர் வெட்டியது கன்னிக் காடு. 1681 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர்களுக்கு எதிரே துப்பாக்கி எத்தனை, மாடு எத்தனை, திருத்திய நிலம் எத்தனை அர்ப்பான் என்று மூன்று கட்டம் இருக்கும். துப்பாக்கிக் கட்டம் வேடிக்கைக்கு இல்லை: 1690இல் கியூபெக்கைத் தாக்க வந்த பிப்ஸ் என்ற தளபதியின் ஆங்கிலப் படகுகள் கரை இறங்கப் பார்த்தபோது இந்த ஊர் விவசாயிகள்தான் தங்கள் பாதிரியார் தலைமையில் புதரில் பதுங்கிச் சுட்டு விரட்டினார்கள்.

மாமியாருக்கு நிலத்தின் வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கூடவே ஒரு எச்சரிக்கை: மாகாணம் பின்னாளில் வரைபடங்களைப் புதுப்பித்து எல்லா நிலத்துக்கும் ஏழு இலக்க எண் கொடுத்துவிட்டது, பழைய எண்ணை வைத்து இப்போதைய உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. கதவைத் தட்டும் எண்ணம் அவருக்கு இருந்தது எனக்குத் தெரியும்.

இப்போது அவருக்குப் புது ஆசை. ஜோசப்பின் பிள்ளைகளில் ஒருவர் நிலம் கிடைக்காமல் மேய்ன் மாநிலத்து லூயிஸ்டனுக்கு, பருத்தி ஆலை வேலைக்குப் போனதாக ஒரு நினைவு அட்டை சொல்கிறது. 1840க்கும் 1930க்கும் இடையில் கியூபெக்கை விட்டு அமெரிக்கா போனவர்கள் சுமார் ஒன்பது லட்சம் என்பார்கள். அங்கே பெயரையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ருவாக்கள் கிங் ஆனார்கள், புவாவேர்கள் கிரீன்வுட் ஆனார்கள். யுடோனை ஆலைக் கணக்கர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தால் ஹட்சன் என்றும் போட்டுப் பார்க்க வேண்டும், போல்யூ என்றால் இன்னும் எத்தனை விதமோ. இவருக்கு நிலமும் இல்லை. மனைவியின் பெயரில் ஆரம்பித்திருக்கிறேன்.